பூச்சாண்டிக்கு ஒரு பல் ஆடுது

அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில், பர்வதம் ஆன்ட்டி வீட்டு டேகேரில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஐந்து பிள்ளைகளுக்கு மேல் ஒன்றைக்கூட எடுக்க மாட்டார். ஆறாவதாக ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்று கண்ணீர் விட்டாலும், "லிஸ்ட்ல போட்டு வெக்கிறேன்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே லிஸ்டில் பெயர் கொடுத்தவர்கள் உண்டு. வான்மதி அவ்வளவு சாமர்த்தியசாலி இல்லை. மகள் வெண்பாவுக்கு இரண்டரை வயதான பிறகு பெயர் கொடுத்து, எட்டு மாதம் காத்திருந்து, ஒரு குடும்பம் டெக்சஸுக்கு மாறிப்போன புண்ணியத்தில் இடம் பிடித்தாள்.

அப்படி என்ன விசேஷம் அங்கே? டப்பாதான் விசேஷம். காலையில் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டு டப்பா சாயங்காலம் கழுவித் துடைத்த மாதிரி காலியாகத் திரும்பி வரும். தமிழ் பேசுவது, சுலோகம் சொல்லித் தருவது எல்லாம் அப்புறம். வீட்டில் ஒரு இட்லிக்கு ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும் பிள்ளை ஆன்ட்டி வீட்டில் மூன்று இட்லியை இருபது நிமிடத்தில் முடிக்கிறது என்றால், எப்படி என்று ஒருத்தராவது கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. வான்மதியும் கேட்கவில்லை. காலி டப்பாவைக் கண்டதும் பெற்றவர்களுக்கு மூளை வேலை செய்வது நின்றுபோகிறது.

அக்டோபரில் முதல் குளிர் வந்த அன்று விஷயம் வெளியே வந்தது. சனிக்கிழமை மத்தியானம். நாலு வயது வெண்பா தரையில் படுத்துக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு அடியில், பேஸ்மென்ட்டில், வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் அந்த வருஷத்தில் முதல் தடவையாகத் தொம்மென்று ஒரு சத்தம் போட்டு உறும ஆரம்பித்தது. அவ்வளவுதான். குழந்தை கிரேயானைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். சாப்பாட்டு மேஜையில் காலையில் பாதி தின்றுவிட்டுப் போட்டிருந்த சப்பாத்தியை எடுத்து, இரண்டு கையாலும் வாய்க்குள் திணித்தாள். கண்ணில் நீர் கொட்டுகிறது. வாய் நிறையச் சப்பாத்தியோடு பேஸ்மென்ட் கதவைப் பார்த்துக் கத்துகிறாள்: "ஐ ஆம் ஈட்டிங்! ஐ ஆம் ஈட்டிங்!"

வான்மதி ஓடிப்போய் அவளைத் தூக்கி, விரலை விட்டு வாயிலிருந்த சப்பாத்தியை வெளியே எடுத்தாள். மெதுவாகக் கேட்கக் கேட்கக் கதை வந்தது. ஆன்ட்டி வீட்டுப் பேஸ்மென்ட்டில் பூச்சாண்டி இருக்கிறான். அவன் எப்போதும் பசியோடு இருக்கிறான். யார் டப்பாவில் மிச்சம் இருக்கிறதோ அவர்களைத் தேடி மேலே வருவான். உறுமல் கேட்டால் படியேறுகிறான் என்று அர்த்தம். வெண்பா இதையெல்லாம் பாதித் தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் ரகசியம் மாதிரி சொன்னாள். கடைசியில் அம்மாவின் காதருகே வந்து கேட்டாள்: "இஸ் ஹி இன் அவர் ஹவுஸ் ஆல்சோ?"

கணவன் கதிரிடம் சொன்னபோது அவன் லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "நம்மளையும் இப்படித்தானே வளத்தாங்க? நாம என்ன கெட்டா போயிட்டோம்?"

"முப்பத்தியேழு வயசாச்சு. இன்னும் கட்டில்லேர்ந்து காலை வெளியே நீட்டித் தூங்க மாட்டேங்கறே. எதுக்குன்னு கேட்டா குளிருதுங்கறே. ஜூலை மாசத்துல குளிருதா?"

அவன் காலை நாற்காலிக்கு மேலே மடித்து வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை வான்மதி ஆன்ட்டியிடம் பேசினாள். பேசினாள் என்று சொல்வதே அதிகம். செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில் நின்று, பல்லைக் காட்டிக்கொண்டு, "வெண்பா ஏதோ பூச்சாண்டின்னு சொல்றா ஆன்ட்டி" என்றாள். ஆன்ட்டியும் சிரித்துக்கொண்டே, "அது சும்மா விளையாட்டுக்குமா. பசங்களுக்குத் தெரியும்" என்றார். வான்மதி "ஓ, ஓகே ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுக் காரில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாரத்தில் மூன்று நாள் பார்சிப்பனி ஆபீஸுக்குப் போக வேண்டும். இந்த இடம் போனால் அடுத்த இடம் எங்கே? அந்தப் பயம்தான் அவளைப் பல்லைக் காட்ட வைத்தது. வெண்பாவைச் சப்பாத்தி திணிக்க வைத்த பயத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று 287 ஹைவேயில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது அவளுக்கே தோன்றியது.

ஊர் முழுக்க அப்போது ஹாலோவீன், பேய் வேஷத் திருவிழா. புல்வெளிக்குப் புல்வெளி எலும்புக்கூடு. அவர்கள் தெருக்கோடியில் பன்னிரண்டு அடியில் ஒன்று, கண்ணில் பச்சை விளக்கோடு. வெண்பா தினமும் காரிலிருந்து அதற்குக் கை ஆட்டி "ஹாய்" சொல்வாள். கல்லறைக் கல், ரத்தக் கை, தொங்கும் வௌவால், எதற்கும் பயம் இல்லை. ஏன் இருக்கப்போகிறது? அந்த எலும்புக்கூடு ஒரு நாளாவது அவளைப் பார்த்து மத்தியானம் முழுசாகச் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்குமா?

வான்மதிக்கு யோசனை வந்தது அங்கேதான். பேயே இல்லை என்று நாலு வயதுக் குழந்தையிடம் வாதம் பண்ணி ஜெயிக்க முடியாது. அவள் முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டாள். "அப்போ சவுண்டு?" என்று கேட்கிறது. ஆனால் சிரித்துவிட்ட ஒரு ஆளைப் பார்த்து மறுபடி பயப்படுவது கஷ்டம். ஹாலோவீன் வாரத்தில் டேகேரில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பரிசு அனுப்புவது வழக்கம். எல்லாரும் ஸ்டிக்கரும் பென்சிலும் அனுப்புவார்கள். வான்மதி ஒரு ஜோக்குப் புத்தகம் அனுப்பத் தீர்மானித்தாள். பூச்சாண்டி ஜோக்குப் புத்தகம்.

அவளுக்கு ஆபீஸில் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவர்கள் எழுதியதில் ஓட்டை கண்டுபிடித்தே பத்து வருஷம் ஓட்டியவள். ஜோக்குகளையும் அப்படித்தான் பரிசோதித்தாள், குளிக்கும் தொட்டியில், வெண்பாவின் தலையில் ஷாம்பூ இருக்கும்போது. சிரித்தால் பாஸ். புருவத்தைச் சுருக்கினால் ஃபெயில். கெட்டிக்காரத்தனமாக யோசித்து வைத்திருந்தது எல்லாம் ஃபெயில். கதிர் பெரிய மனசு பண்ணி ஒன்று சொன்னான், அதுவும் ஃபெயில். நாலு வயதின் நகைச்சுவை உணர்வு ரொம்ப நேரானது. பெரிய ஆள் ஒருத்தன் குழந்தை மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

பூச்சாண்டி ஏன் அழறான்? அவனோட ஒரு சாக்ஸைக் காணோம்.

பூச்சாண்டி ஏன் ராத்திரி வரலை? அவங்க அம்மா எட்டு மணிக்கே தூங்க வெச்சுட்டாங்க.

பூச்சாண்டிக்கு எத்தனை பல்? ரெண்டு. அதுல ஒண்ணு ஆடுது.

பூச்சாண்டி 'பே'ன்னு கத்தினான். என்ன வந்துச்சு? குசு வந்துச்சு.

இந்தக் கடைசி ஜோக்குக்கு வெண்பா தொட்டியில் வழுக்கி விழுகிற அளவுக்குச் சிரித்தாள். "அகெய்ன்! அகெய்ன்!" என்று பதினோரு தடவை சொல்ல வைத்தாள். பன்னிரண்டாவது தடவை அவளே சொன்னாள், முழுசும் தமிழில்.

படமும் வான்மதியே வரைந்தாள். குண்டாக, முடி எல்லாம் நட்டுக்கொண்டு, வேட்டி அவிழ்ந்து விழப்போகிற பூச்சாண்டி. அவன் வேட்டியைப் பிடிக்கும் முழியைப் பார்த்தாலே பாதி ஜோக்கு வந்துவிடும். தடிமனான தாளில் பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மடிப்பு வைத்து, மடிப்பைத் தூக்கினால் பதில் தெரியும்படி ஒட்டினாள். ஸ்டேப்ளர் பின் சின்ன விரலில் குத்தும் என்று ஊசி நூலால் தைத்தாள். பன்னிரண்டு பக்கம், ஐந்து பிரதிகள். அட்டையில் பெயர்: 'பூச்சாண்டிக்கு ஒரு பல் ஆடுது'.

ஹாலோவீன் அந்த வருஷம் வெள்ளிக்கிழமை. புத்தகம் திங்கட்கிழமை போனது. அன்று சாயங்காலம் ஐந்து வீட்டிலும் அப்பா அம்மாக்கள் அதைப் படித்துக் காட்டினார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆன்ட்டி வீட்டு ஹீட்டர் உறுமியது. ஆன்ட்டி வழக்கம்போல, "யார் டப்பால மிச்சம் இருக்கு? வரான் பாரு!" என்றார். ஐந்து பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிரணவ் என்ற பையன், எல்லாரையும்விடச் சாது, அவன்தான் எழுந்து நின்றான். பேஸ்மென்ட் கதவைப் பார்த்து, "உன் சாக்ஸ் எங்க?" என்று கேட்டான்.

அதற்கப்புறம் அங்கே யாரும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

சாயங்காலம் டப்பாக்கள் பாதியும் முக்காலுமாகத் திரும்பின. பெற்றவர்களின் வாட்ஸ்ஆப் குரூப் தீப்பிடித்தது. பிரணவின் அப்பா சிவராமகிருஷ்ணன் ஒரு மருந்துக் கம்பெனியில் டைரக்டர். கோபத்தைக்கூட நம்பர் போட்டுத்தான் எழுதுவார். ஒன்று, குழந்தை சாப்பிடவில்லை. இரண்டு, புத்தகத்தில் 'குசு' என்ற வார்த்தை இருக்கிறது. அதை மகன் சுலோகத்துக்கு நடுவில் சொல்கிறான். மூன்று, பேய் பிசாசு எல்லாம் நம்ம கல்ச்சர் இல்லை. மூன்றாவது பாயின்ட்டை எழுதியவர் வீட்டுப் புல்வெளியில் சவப்பெட்டியிலிருந்து ஒரு பிணம் மணிக்கு ஒரு தடவை எழுந்து உட்கார்கிறது என்பதை வான்மதி குரூப்பில் எழுதப் போனாள். கதிர் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

கயல் என்று இன்னொரு அம்மா. நல்ல பெண், தனியாக மெசேஜ் அனுப்பினாள். "புக் சூப்பர் வான்மதி, என் பையன் நேத்துதான் லைட்டை ஆஃப் பண்ணித் தூங்கினான்." குரூப்பில் அவளே போட்டது: "யெஸ், ஈட்டிங் இஸ் தி இம்பார்ட்டன்ட் திங்." இரண்டுக்கும் நடுவில் நாலு நிமிடம்கூட இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஆன்ட்டி வான்மதியை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வெண்பா ஒரு மூலையில் பிளாக்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் புக்கைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அதோ இருக்கு." மேஜை மேல் நாலு பிரதிகள். எல்லாவற்றிலும் அட்டை கசங்கி, 'பே' பக்கத்து மடிப்பு மட்டும் தூக்கித் தூக்கிப் பிய்ந்து தொங்கியது.

"ஆன்ட்டி, வெண்பா வீட்ல என்ன பண்ணா தெரியுமா..." என்று வான்மதி ஆரம்பித்தாள். இந்தத் தடவை சிரிக்காமல், சப்பாத்திக் கதையை முழுசும் சொன்னாள்.

ஆன்ட்டி கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மாறியது. ஆனால் விடவில்லை. போனை எடுத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, தேடி, வான்மதியின் முன்னால் நீட்டினார்.

"இதைப் படி. உன் மெசேஜ்தான்."

பிப்ரவரி. 'ஆன்ட்டி, இன்னிக்கு டப்பால கால் பங்கு மிச்சம். எனி ப்ராப்ளம்?' அதற்கு மூன்று நாள் கழித்து, 'இன்னிக்கும் மிச்சம். கொஞ்சம் பாத்து முழுசா குடுத்துடுங்க ப்ளீஸ்.' மார்ச். 'வெயிட் கம்மியா இருக்குன்னு டாக்டர் சொல்றாங்க ஆன்ட்டி. எப்படியாவது முடிக்க வெச்சுடுங்க.' இப்படிப் பதினான்கு மெசேஜ்.

"ஏப்ரலுக்கு அப்புறம் ஒண்ணுகூட இல்லை பாத்தியா? ஏன்னு நினைக்கறே? ஏப்ரல்லதான் உன் பொண்ணுக்கும் பூச்சாண்டி வேலைக்குச் சேந்தான்." ஆன்ட்டி போனை மேஜையில் வைத்தார். "டிவி போடக் கூடாது. போன் காட்டக் கூடாது. சாக்லேட் குடுத்து ஏமாத்தக் கூடாது. அதட்டக் கூடாது. ஆனா அஞ்சு டப்பாவும் காலியாகணும். அஞ்சு வீட்டுலயும் இதே பல்லவி. நான் ஒருத்தி. எனக்கு வேற யாருமா இருக்கா துணைக்கு?"

வான்மதி அந்த மெசேஜை மறுபடி படித்தாள். 'எப்படியாவது' என்று எழுதியிருக்கிறாள். அவளேதான் எழுதியிருக்கிறாள். டெஸ்டிங்கில் ஊர்ப்பட்ட ஓட்டையைக் கண்டுபிடிப்பவள், இந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறது என்று பார்க்கவில்லை.

"என் தப்பு என் தப்புதான் ஆன்ட்டி," என்றாள். "ஆனா புக்குக்கு நான் சாரி சொல்ல மாட்டேன்."

"வெள்ளிக்கிழமை ஹாலோவீன் பார்ட்டிக்கு எல்லாரும் வராங்க. எல்லார் முன்னாடியும் சாரி சொல்லிட்டு, இந்தப் புக்கையெல்லாம் எடுத்துண்டு போயிடு. உங்க வீட்ல இருக்கறதையும் பசங்க கண்ல காட்டாதே. இல்லேன்னா திங்கக்கிழமை லிஸ்ட்ல முதல் பேரைக் கூப்பிட்டுடுவேன். எனக்கும் வேற வழி இல்லை."

வீட்டில் கதிர் ஒற்றைக் காலில் நின்றான். "ஒரு வார்த்தை. சாரி. அதுல என்ன குறைஞ்சு போயிடுவே? ஆபீஸ்ல ஒரு நாளைக்கு இருபது சாரி சொல்றே."

"ஆபீஸ்ல சொல்றது சும்மா. இது சும்மா இல்லை. நான் சாரி சொன்னா என்ன அர்த்தம்? பூச்சாண்டி நிஜம்னு அர்த்தம். வெண்பா அங்கதான் நிப்பா. கேட்டுண்டு நிப்பா."

"அப்போ திங்கக்கிழமை அவளை யார் பாத்துப்பா?"

அதற்கு வான்மதியிடம் பதில் இல்லை. இல்லாததால் இன்னும் கோபம் வந்தது. பதில் இல்லாவிட்டால் பணிந்துதான் போக வேண்டும் என்று எவன் சொன்னான்?

வியாழக்கிழமை பார்சிப்பனி ஆபீஸ் கேன்டீனில் தன் டப்பாவைத் திறந்தாள். புளிசாதம். நாலு வாய் சாப்பிட்டாள், போதும் என்று இருந்தது, மூடி வைத்தாள். மூடிய பிறகுதான் உறைத்தது. யாரும் அவளைப் பார்க்கவில்லை, யாரும் கேட்கவில்லை, எந்தக் கதவும் உறுமவில்லை. முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு வயிறு நிறைந்தால் மூடி வைக்கலாம். நாலு வயதுக்கு அந்த உரிமை இல்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து, டிஷ்யூ பேப்பரில் ஒரு புது ஜோக்கு எழுதினாள். எழுதிவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். பக்கத்து மேஜைக்காரன் திரும்பிப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு ஆன்ட்டி வீட்டு ஹால் நிரம்பியிருந்தது. பிள்ளைகள் வேஷத்தில்: ஒரு தேனீ, ஒரு தீயணைப்பு வீரர், இரண்டு இளவரசி, ஒரு சுறா. வெண்பாதான் சுறா. அப்பா அம்மாக்கள் ஆபீஸ் உடுப்பில், கையில் பேப்பர் தட்டோடு சுவர் ஓரமாக நின்றார்கள். டப்பா பைகள் செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் வரிசையாக இருந்தன, எல்லாமே கனமாக. சிவராமகிருஷ்ணன் தொண்டையைக் கனைத்தார். "வான்மதி ஏதோ சொல்லணும்னு ஆன்ட்டி சொன்னாங்க."

எல்லாரும் திரும்பினார்கள். கதிர் தரையைப் பார்த்தான்.

வான்மதி பெரியவர்களைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் உட்கார்ந்திருந்த விரிப்புக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "புக்ல ஒரு பக்கம் விட்டுப்போச்சு," என்றாள். "பூச்சாண்டி ஏன் பேஸ்மென்ட்டை விட்டு வெளியவே வரலை?"

"ஏன்?" என்றது தேனீ.

"அவங்க அம்மா குடுத்த டப்பாவை அவன் இன்னும் முடிக்கலை."

சுறா வெடித்துச் சிரித்தாள். தீயணைப்பு வீரர் தொப்பி கழன்று விழ மல்லாந்தான். "ஹி இஸ் ஸ்டில் ஈட்டிங்!" என்று ஒரு இளவரசி கத்தினாள். சுவர் ஓரத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஜோக்கு யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சமையலறை வாசலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பர்வதம் ஆன்ட்டி சிரித்துக்கொண்டிருந்தார். புடவைத் தலைப்பை வாயில் பொத்தியும் அடக்க முடியவில்லை. ஒன்பது வருஷமாக டப்பா திறந்து டப்பா மூடியவர் அவர். அந்த ஜோக்கு அவருக்குப் புரிந்த மாதிரி அந்த ஹாலில் வேறு யாருக்குப் புரியும்?

"இதுல சிரிக்க என்ன ஆன்ட்டி இருக்கு?" என்றார் சிவராமகிருஷ்ணன். "அவங்க சாரியே சொல்லலை."

"சொல்ல மாட்டேன்," என்றாள் வான்மதி. எழுந்து நின்றாள். "திங்கக்கிழமை என் பொண்ணுக்கு இடம் இல்லேன்னா பரவாயில்லை. பயந்து பயந்து சாப்பிட்டு வர்ற காலி டப்பா எனக்கு வேண்டாம்." செருப்பு ஸ்டாண்டிலிருந்து வெண்பாவின் பையை எடுத்தாள். டப்பாவைத் திறந்தாள். பாதிக்கு மேல் எலுமிச்சை சாதம் அப்படியே இருந்தது. எல்லாரும் பார்க்க ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஜில்லென்று, கட்டி கட்டியாக இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று ஆன்ட்டி கேட்டார், சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வான்மதி மென்று விழுங்கினாள். "உப்பே இல்லை ஆன்ட்டி."

"நானும் எத்தனை மாசமா பாக்கறேன்," என்றார் ஆன்ட்டி. பிறகு அவருக்கு ஏதோ தோன்றியது போல. மிச்ச நாலு டப்பாவையும் எடுத்துத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் போட்டு, அந்தந்த வீட்டுக்காரர்களின் கையில் கொடுத்தார். "இது உங்க காலைச் சமையல். இப்ப சாப்பிடுங்க. முழுசா முடிக்கணும். அப்புறம் புக்கைப் பத்திப் பேசலாம்."

சிவராமகிருஷ்ணன் கையில் உப்புமா. காலை ஆறு மணி உப்புமா மாலை ஐந்து மணிக்கு என்ன கதியில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு ஸ்பூன் போனது. இரண்டாவது தொண்டையில் நின்றது. பிரணவ் தன் அப்பாவின் பக்கத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தான். பயமுறுத்தவில்லை. அவர் முட்டியைத் தட்டிக்கொடுத்து, "இட்ஸ் ஓகே அப்பா. யூ கேன் ஸ்டாப்" என்றான். அந்த மனிதர் டப்பாவை மூடினார். அதற்கப்புறம் ஒரு நம்பரும் போடவில்லை. கயல் மட்டும் தட்டுத் தடுமாறி மூன்று ஸ்பூன் தின்றுவிட்டு, "புக்கை நான் திருப்பி எடுத்துக்கறேன் ஆன்ட்டி" என்றாள், இந்தத் தடவை எல்லார் காதிலும் விழும்படி.

"திங்கக்கிழமையிலேர்ந்து பாதி டப்பா," என்றார் ஆன்ட்டி. "மிச்சம் வந்தா வரும். ஏன் மிச்சம்னு எனக்கு மெசேஜ் வரக் கூடாது. போடறவங்க வேற இடம் பாத்துக்கலாம். லிஸ்ட்ல பதினேழு பேர் இருக்காங்க." வான்மதி பக்கம் திரும்பினார். "உனக்கும்தான் சொல்றேன். நீ ஜெயிச்சுட்டேன்னு நினைக்காதே. அந்தக் குசுப் பக்கம் எனக்குப் பிடிக்கலை."

"பசங்களுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு ஆன்ட்டி. எடுக்க மாட்டேன்."

"எடுக்காதே. நானும் உன்கிட்ட சாரி சொல்ல மாட்டேன்."

"வேண்டாம் ஆன்ட்டி."

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். அதில் பகை எதுவும் இல்லை. கிளம்பும்போது ஆன்ட்டி கீழே உட்கார்ந்து, சுறாவின் ஷூவை மாட்டிவிட்டபடி காதில் ஏதோ சொன்னார். வெண்பா கவனமாகக் கேட்டுத் தலையை ஆட்டினாள்.

கதிர் ஆபீஸிலிருந்து நேராக வந்திருந்ததால் அவனுடைய காரில் முன்னால் போனான். வான்மதி சுறாவின் வாலை மடக்கிக் கார் சீட்டில் திணித்துக்கொண்டே கேட்டாள், "ஆன்ட்டி உன்கிட்ட என்ன சொன்னாங்க?"

"ஷி செட் சாரி."

"நீ என்ன சொன்னே?"

"ஐ செட் ஓகே."

வான்மதியின் கை பெல்ட் கொக்கியிலேயே நின்றது. கதவு திறந்திருந்தது. குளிர் காற்று முதுகில் அடித்தது. உள்ளே பத்துப் பேர் முன்னால் சொல்ல மாட்டேன் என்றுவிட்டு வந்த அதே வார்த்தை இங்கே தானாக வெளியே வந்தது.

"வெண்பா, அம்மாவும் சாரி."

"ஃபார் வாட்?"

"முழுசா சாப்பிட வெக்கச் சொல்லி ஆன்ட்டிக்கு நான்தான் மெசேஜ் போட்டேன். எப்படியாவதுன்னு போட்டேன்."

வெண்பா அம்மாவை உற்றுப் பார்த்தாள். சுறாவின் பல்வரிசைக்கு நடுவில் சின்ன முகம், சிரிப்பே இல்லாமல். ஓகே சொல்லவில்லை. "ஹவ் மெனி டைம்ஸ்?"

"நிறைய தடவை."

குழந்தை இரண்டு கை விரல்களையும் விரித்துக்கொண்டாள்.

"தென் நீயும் நிறைய தடவை சொல்லு," என்றாள்.

வான்மதி குனிந்து நின்றபடியே ஆரம்பித்தாள். வெண்பா ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள். பத்தும் மடங்கியதும் எல்லாவற்றையும் பிரித்து, மறுபடி முதல் விரலிலிருந்து தொடங்கினாள்.